கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய கார்

போன மாதம் எங்கள் பழைய வார்டிலிருந்து ஒரு இளம் நர்ஸ் போன் செய்தாள். மாசக்கணக்கில் படுக்கையில் கிடக்கும் கர்ப்பிணிகளுக்கு இப்போது ஹெட்போன் கொடுக்கிறார்களாம். மாட்டிக்கொண்டால் கடல் அலை, மழைச் சத்தம், நடுநடுவே ஒரு குரல் "நீங்கள் அமைதியாக இருக்கிறீர்கள்" என்று சொல்லுமாம். பாதிப் பேர் கழற்றி மேஜையில் வைத்துவிடுகிறார்கள், நீங்கள் இருந்த காலத்தில் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழற்றி வைக்க நான் என்ன ஹெட்போனா? தலைமாட்டிலேயே உட்கார்ந்திருப்பேன். எழுந்து போ என்று சொல்லும் தைரியம் எவளுக்கும் இருந்ததில்லை, அவ்வளவுதான் ரகசியம்.

ஆனால் போனை வைத்த பிறகு மனசு அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. அவளுக்குப் போனில் சொல்ல முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

கோயம்புத்தூரில் நர்சிங் படித்தது, கல்யாணமாகி வீட்டுக்காரர் பின்னால் ஜெர்சி சிட்டிக்கு வந்தது, இங்கே மறுபடி பரீட்சை எழுதியது எல்லாவற்றையும் விரிவாகச் சொன்னால் படிக்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். ஊசி போடத் தெரியும், பிரசவம் பார்க்கத் தெரியும், இங்கிலீஷ் சுமாராக வரும். கார் ஓட்ட மட்டும் தெரியாது. கென்னடி புலவார்டில் பஸ் ஏறினால் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கலாம், அப்புறம் அது எதற்கு என்று விட்டுவிட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் ஒரு கார் வரப்போகிறது.

ஆபத்தான கர்ப்பம் என்று அட்மிட் ஆகும் பெண்களுக்கான வார்டு எங்களுடையது. தலைமை நர்ஸ் மார்கரெட். அறுபதை நெருங்கிய வெள்ளைக்காரி, ஒல்லி, நடந்து வந்தால் சத்தமே கேட்காது. நாம் நன்றாக வேலை செய்தால் "ம்" என்பார். மோசமாகச் செய்தாலும் அதே "ம்"தான். எந்த "ம்" எது என்று கண்டுபிடிக்கவே எனக்கு ரெண்டு வருஷம் ஆனது. அந்த அம்மாள்தான் கற்பனைப் பயிற்சியை எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்தது. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, நாம் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகப் பேசி, மனசுக்குப் பிடித்த ஓர் இடத்துக்கு அவளைக் கூட்டிப்போக வேண்டும். அங்கே போனதும் மூச்சு சீராகும், இறுக்கம் விடும், வயிறும் கொஞ்சம் அடங்கும். முதலில் கேட்டபோது, ஏதோ ஜோசியக்காரன் வேலை போலிருக்கிறதே என்று எனக்கு எரிச்சல்.

மார்கரெட் செய்வதை ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன், எரிச்சல் போய்விட்டது. ஸ்டூலை இழுக்க மாட்டார், தூக்கிக்கொண்டு வந்து வைப்பார். கையை வெந்நீரில் காட்டித் துடைத்துவிட்டுத்தான் நோயாளியைத் தொடுவார். டிக் டிக் சத்தம் கேட்கக் கூடாதென்று கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். அப்புறம் பேசாமல் உட்கார்ந்து அவள் மூச்சையே பார்ப்பார். மூச்சு வெளியே போகும்போது மட்டும்தான் ஒரு வார்த்தை, உள்ளே வரும்போது வாயை மூடிக்கொள்வார். "நீ இடத்தைத் தேர்ந்தெடுக்காதே, அவள் தேர்ந்தெடுக்கட்டும்" என்பார். பாதியில் எழுந்து போகக் கூடாது, கூட்டிப்போன இடத்திலிருந்து திரும்பக் கூட்டிவந்துவிட்டுத்தான் எழ வேண்டும் என்பது அவருடைய இன்னொரு சட்டம். டாக்டரே வந்து வாசலில் நின்றாலும் கையைக் காட்டி நிறுத்துவார்.

ஒய்டூகே கம்ப்யூட்டர் வேலைக்கென்று நம் பையன்கள் கூட்டம் கூட்டமாக நியூஜெர்சி வந்து இறங்கிய சமயம் அது. சுதா அப்போதுதான் எங்கள் வார்டுக்கு வந்தாள். சேலத்துப் பெண். புருஷன் முரளிக்கு மன்ஹாட்டனில் ஒரு பாங்கில் கான்ட்ராக்ட். முதல் பிள்ளை ஐந்தாம் மாசத்திலேயே கலைந்து போயிருந்தது. இப்போது இரண்டாவது. நச்சுக்கொடி கீழே இறங்கி, கர்ப்பப்பை வாயை அடைத்துக்கொண்டு கிடந்தது. வயிறு இறுகினால் ரத்தம் வரும், ரத்தம் நிற்காவிட்டால் ஆபரேஷன். அதனால் பாத்ரூம் தவிர வேறெங்கும் எழுந்து போகக் கூடாது. அவளோ நிமிஷத்துக்கு நிமிஷம் பயந்தாள். பயந்தால் வயிறு இறுகும், இறுகினால் இன்னும் பயம். வயிற்றில் கட்டியிருந்த மானிட்டர் பட்டை அவள் பயத்தையெல்லாம் காகிதத்தில் மலை மலையாகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தது.

தமிழ்க்காரி என்பதால் மார்கரெட் அவளை என்னிடம் விட்டார். நானும் ஜம்பமாக ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனேன். எங்களிடம் இருந்த இங்கிலீஷ் பாடத்தை அப்படியே தமிழில் சொன்னேன். கண்ணை மூடு, மூச்சை விடு, நீ கடற்கரையில் படுத்திருக்கிறாய். எல்லாம் நன்றாகத்தான் போனது. அடுத்து, உடம்பில் உள்ள பாரமெல்லாம் தளர்ந்து, வயிறு வழியாக, கால் வழியாக மெதுவாகக் கீழே இறங்கி வெளியே போய்விடுகிறது என்றேன். படக்கென்று கண்ணைத் திறந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"என்ன சிஸ்டர் சொல்றீங்க? எது இறங்கி வெளிய போகுது?"

ரெண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இங்கிலீஷில் கேட்டால் அது வெறும் பேச்சு. பிள்ளை இறங்கிப் போய்விடுமோ என்று பொழுதன்னைக்கும் செத்துக்கொண்டிருக்கிறவளிடம் நம் பாஷையில் அதைச் சொல்லலாமா? மானிட்டரில் பெரிய மலை ஒன்று ஏறி இறங்கியது. அடுத்த பத்தியில் குழந்தையின் முகத்தைக் கற்பனை செய்யச் சொல்ல வேண்டும். ஆரம்பித்ததுமே நிறுத்திவிட்டாள்.

"அந்தப் பக்கம் மட்டும் போகாதீங்க. போன தடவ எல்லாம் நெனச்சுப் பாத்தாச்சு. பேர் வெச்சேன், சொக்கா வாங்கினேன். எல்லாத்தையும் அவரே கொண்டு போய் கடைல ரிட்டர்ன் பண்ணிட்டு வந்தாரு."

 கொஞ்ச நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் மார்கரெட்டிடம் சொன்னேன். அவர் எனக்கு ஏற்கெனவே சொன்னதைத்தான் மறுபடி சொன்னார். "இடத்தை அவள் சொல்லட்டும்." அப்புறம் ஒரு "ம்".

மறுநாள் கேட்டேன். "உனக்கு எங்க இருந்தா நிம்மதியா இருக்கும் சுதா? கோயிலா, உங்க ஊர் வீடா, ஏற்காடா?"

 கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள், "கார்ல."

"கார்லயா? எங்க போற கார்ல?"

"எங்கயும் இல்ல சிஸ்டர். டிரைவர் சீட்ல. நான் மட்டும்."

விஷயம் இதுதான். வந்து ரெண்டு வருஷமாக நாலு சுவருக்குள் இருந்திருக்கிறாள். கீரை வாங்க வேண்டுமானாலும் முரளி வர வேண்டும். கார் கற்றுக்கொண்டே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நியூபோர்ட் பக்கம் காலியான பார்க்கிங் லாட்டில் கற்றுக்கொண்டிருந்தாள். முரளி பக்கத்தில் உட்கார்ந்து "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்துவானாம். ரோட் டெஸ்ட்டுக்கு நாள் குறித்த வாரத்தில்தான் ரத்தம் பட்டு இங்கே வந்து படுத்தாள். ஒரே ஒருமுறை அவன் ஏதோ வாங்கக் கடைக்குள் போயிருந்தபோது, தனியாக அந்த லாட்டை ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறாள். "அப்ப ஒரு மாதிரி இருந்துச்சு சிஸ்டர். யாருமே என்னை ஒண்ணும் கேக்கல" என்றாள்.

சரி, காரே ஆகட்டும் என்று ஆரம்பித்தேன். சீட்டில் உட்கார், கதவைச் சாத்து, சாவியைப் போடு. அதோடு என் சரக்கு தீர்ந்துவிட்டது. காரை நகர்த்தினேன். கண்ணை மூடியபடியே அவள், "சிஸ்டர், சீட் பெல்ட் போடவே இல்ல. கண்ணாடியும் பாக்கல. இப்படிப் போனா டெஸ்ட்ல பெயில் பண்ணிடுவாங்க" என்றாள். அப்புறம் பெல்ட் போட்டோம், கண்ணாடி பார்த்தோம், இண்டிகேட்டர் போட்டோம். அவள் திருத்திக்கொண்டே வந்தாள், நான் சொல்லிக்கொண்டே போனேன். மானிட்டரைப் பார்த்தேன். மலையெல்லாம் படுத்துக் கோடாகக் கிடந்தது.

ரெண்டு நாளில் பார்க்கிங் லாட் அவளுக்கு அலுத்துவிட்டது. "டர்ன்பைக்ல போலாமா? எடிசன் வரைக்கும்?" என்றாள். டர்ன்பைக் என்றால் டோல் கட்டிப் போகிற பெரிய நெடுஞ்சாலை. எடிசனில்தான் நம் ஊர் மளிகைக் கடை, டிபன் கடை எல்லாம் இருக்கிறது. வாராவாரம் போகிற வழிதான், ஆனால் நான் காரில் ஏறினாலே தூங்கிவிடுவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரிடம், "ஏனுங்க, எடிசனுக்கு ஓட்டுங்க, மெதுவா ஓட்டுங்க" என்று கூட்டிப்போனேன். எங்கே திரும்புகிறது, எங்கே டோல் டிக்கெட் வாங்குகிறது, பாலம் எங்கே, ஏர்போர்ட் எங்கே என்று கேட்டுக் கேட்டு அவர் உயிரை எடுத்துவிட்டேன். "இத்தன வருஷம் கழிச்சு ஞானோதயமா? லைசென்ஸ் எடுக்கப் போறியா?" என்றார். "இல்லீங்க, ஒரு புள்ளத்தாச்சிக்கு ஓட்டக் கத்துக் குடுக்கறேன்" என்றேன். மனுஷன் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

அதற்கப்புறம் தினமும் மதியம் சாப்பாடு ஆனதும் நானும் சுதாவும் டர்ன்பைக்கில் போனோம். பெரிய பாலம் ஏறுவோம். வலது பக்கம் விமானம் தாழப் பறந்து இறங்கும். கொஞ்ச தூரத்தில் எண்ணெய் ஆலையின் நாற்றம் வரும். நான் நாகரிகமாக அதை விட்டுவிட்டுத்தான் சொன்னேன். அவள் விடவில்லை. "அந்த நாத்தத்தையும் போடுங்க. அப்பத்தான் நெஜம்மா போற மாதிரி இருக்கு" என்றாள். ஒரு நாள் மார்கரெட் வாசலில் நின்று கேட்டுவிட்டு, என்ன சொல்கிறாய் என்று என்னிடம் விசாரித்தார். நியூஜெர்சி டர்ன்பைக், எண்ணெய் ஆலை நாற்றம் என்றேன். என் சர்வீஸில் அந்த ரோட்டில் நிம்மதி கண்டவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் வேலை முடிந்து ரயில் பிடித்து முரளி வருவான். டை கழுத்தில் கோணலாகத் தொங்கும். நல்ல பையன், பயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் எல்லார்மேலும் எரிந்து விழுகிறவன். ஒரு நாள் காரிடாரில் என்னை மறித்தான்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கார்ல நான் இருக்கேனா?"

எனக்கு மனசு உருகிவிட்டது. இல்லையப்பா என்று எப்படிச் சொல்வது? மறுநாள் சுதாவிடம் கேட்டேன். சிரித்தாள், அப்புறம் கண் கலங்கியது. "பாவம், ஏத்திக்கலாம். பின் சீட்ல. ஆனா வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிடுங்க" என்றாள். அன்றிலிருந்து முரளியும் வந்தான், பின் சீட்டில், வாயைத் திறக்காமல். அந்த வாரத்திலிருந்து சுதா என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

இப்படியே ஏழாம் மாசம் முடிந்தது. எங்கள் வார்டில் ஒவ்வொரு வாரம் தாண்டினாலும் கொண்டாடுவார்கள். அன்று காலை டாக்டர், நர்ஸ்கள் எல்லாம் சேர்ந்து வந்து கைதட்டினார்கள், ஒரு கப் கேக்கில் மெழுகுவத்தி குத்திக் கொடுத்தார்கள். சுதா குலுங்கிக் குலுங்கி அழுதாள். சந்தோஷ அழுகை என்று நினைத்து ஒரு நர்ஸ் அவளைக் கட்டிக்கொண்டாள். எனக்கு மட்டும்தான் விளங்கியது. ஏழாம் மாசத்தில் பிறந்தாலும் பிள்ளை தங்கும், எட்டாம் மாசத்தில் பிறந்தால் தங்காது என்று நம் பக்கத்தில் சொல்லிவைத்திருக்கிறார்களே, அது. அதற்கு முந்தின நாள்தான் சேலத்திலிருந்து மாமியார் போன் பண்ணி, எட்டைத் தாண்டி ஒன்பது பிறக்கிற வரைக்கும் அசையாதே என்று அழுதிருக்கிறார்.

டாக்டர் தலைகீழாக நின்று விளக்கினார். ஒவ்வொரு நாளும் பிள்ளைக்குப் பலம்தான், நுரையீரலுக்கு ஊசியும் போட்டாகிவிட்டது என்றார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவர் போனதும், "புரியுதுக்கா, நானும் பிஎஸ்ஸி படிச்சவதான். ஆனா வயித்துக்குப் புரிய மாட்டேங்குது" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. மாமியார்மேல், இதையெல்லாம் கட்டிவிட்டவர்கள்மேல், எல்லார்மேலும். ஆனால் உண்மையைச் சொன்னால் என் அடிவயிற்றிலும் அந்தப் பயம் ஒரு ஓரத்தில் இருந்தது. ஒன்பது பிறக்கட்டும் சாமி என்றுதான் நானும் தினம் பஸ்ஸில் வேண்டிக்கொண்டு போனேன்.

ஒன்பது பிறக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் டூட்டிக்குள் நுழையும்போதே அவள் ரூமில் கூட்டம். ரத்தம் நிற்கவில்லை. இன்றைக்கே ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. சுதாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கிட்டே போய்க் காது கொடுத்தேன். "எட்டு, எட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் இல்லை. மார்கரெட் என் கையில் ஒரு பச்சை உடுப்பைக் கொடுத்து, அவள் தலைமாட்டை விட்டு நகராதே என்றார். நான் கேட்கவே இல்லை. அப்புறம் என் கடிகாரத்துக்காகக் கையை நீட்டினார். கழற்றிக் கொடுத்தேன்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். நெஞ்சுக்கு முன்னால் திரை கட்டினார்கள். முரளி எப்படி வந்தானோ, அவ்வளவு சீக்கிரம் மன்ஹாட்டனிலிருந்து வந்துவிட்டான். காகிதத் தொப்பி போட்டு அந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். கண்ணீர் மாஸ்க்குக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சுதாவின் நெற்றியில் கையை வைத்தேன்.

"பெல்ட் போட்டாச்சா கண்ணு?"

"போட்டாச்சு."

"கண்ணாடி?"

"பாத்தாச்சு. போலாம்."

போனோம். அவள் மூச்சை விடும்போது பேசினேன், இழுக்கும்போது நிறுத்தினேன். டோல் டிக்கெட் வாங்கினோம். பாலம் ஏறினோம். திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர்கள் தணிந்த குரலில் எதையோ கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். விமானம் இறங்கியது. "நாத்தம் வருதாக்கா?" என்றாள். "வருது, ஜன்னலை ஏத்திக்க" என்றேன். அப்போது திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சலசலப்பு. பிள்ளையை எடுத்துவிட்டார்கள். சின்னதாக எதையோ தூக்கிக்கொண்டு ரெண்டு பேர் மூலையில் இருந்த மேஜைக்கு வேகமாகப் போவதைப் பார்த்தேன்.

சத்தம் இல்லை.

"எடிசன் எக்ஸிட் வருது சுதா. இறங்கலாமா?" என்று கேட்டுவிட்டேன். வழக்கமாகக் கேட்கிறது, வாயில் வந்துவிட்டது.

"வேணாம்க்கா." கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். "இறங்க வேணாம். நிறுத்தாதீங்க. நேரா போயிட்டே இருங்க."

அவளுக்குத் தெரிந்திருந்தது. பிள்ளையை எடுத்துவிட்டார்கள் என்றும் தெரியும், அழவில்லை என்றும் தெரியும். கார் நின்றால் கண்ணைத் திறக்க வேண்டும், திறந்தால் கேட்க வேண்டும். அதனால் ஓட்டச் சொல்கிறாள். ஐயோ, எங்கே ஓட்டுவது? எங்கள் வீட்டுக்காரர் எடிசனுக்கு அந்தப் பக்கம் என்னைக் கூட்டிப்போனதே இல்லை. அங்கே என்ன இருக்கிறது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

இருந்தாலும் ஓட்டினேன். ரோடு அகலமாகுது சுதா, லாரிங்க எல்லாம் பின்னாடி போயிடுச்சு. ஒரு பாலம் வருது, கீழ ஆறு, தண்ணி வெயில்ல பளபளன்னு இருக்கு. மூலையில் டாக்டர் குனிந்து பையை அமுக்கி அமுக்கிப் பிள்ளைக்குக் காற்று கொடுத்துக்கொண்டிருந்தார். ரெண்டு பக்கமும் சோளக்காடு வருது. மஞ்சள் ஸ்கூல் பஸ் ஒண்ணு நம்ம பக்கத்துல வருது, பசங்க கையாட்டுறாங்க. இன்னொரு பாலம் வருது. இல்லாத பாலத்தையெல்லாம் கட்டினேன்.  முரளி அவள் கையையும் என் கையையும் சேர்த்துப் பிடித்திருந்தான். "போங்கக்கா, போங்க" என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். நான் சொன்னதில் எது அந்த ரோட்டில் நிஜமாக இருக்கிறது, எது இல்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எவ்வளவு தூரம் போனோம் என்றும் தெரியாது.

அப்போது அந்த மூலையில் ஒரு சத்தம். பூனைக்குட்டி தும்முவது போல. எல்லாரும் அப்படியே நின்றார்கள். மறுபடி ஒரு தும்மல், பிறகு ஒரு இழுவை, பிறகு நல்ல கோபத்தோடு ஒரு அழுகை. பெண் குழந்தை, தானாகவே மூச்சு விடுகிறாள், நிறம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் இங்கிலீஷில் சொன்னார். முரளி குனிந்து ஆபரேஷன் மேஜை விளிம்பில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். நான் மட்டும் நிறுத்தத் தெரியாமல் இன்னும் சோளக்காட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன்.

சுதா என் விரலை அழுத்தினாள்.

"ஓரமா நிறுத்துங்கக்கா," என்றாள். "எனக்கு அவளப் பாக்கணும்."